விண்ணப்பக் கட்டுரையில் எதை எழுதுவது, எதை விடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மாணவர் தம் சொந்த அனுபவத்தை எழுத வேண்டிய பகுதி பற்றி, கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் வைத்து விற்கிறார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுபவக் கட்டுரை எழுத வேண்டும் என்று தெரிந்த அக்கா ஒருவர் சொன்னார். நான் எந்தப் போட்டியிலும் பரிசு வாங்கியதில்லை. முகாம் எதற்கும் போனதில்லை. எழுத என்னிடம் என்ன இருக்கிறது?
(மாணவி, சிங்காரத்தோப்பு, கடலூர் முதுநகர்)

பதில்: நிறையவே இருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் உங்களுக்கு யாரும் சொல்லித் தராதது.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. ஆகஸ்ட் 1 அன்று அந்த ஆண்டுக்கான படிவம் திறக்கும். அதில் உங்கள் வாழ்க்கை இரண்டு இடங்களில் பதிவாகும். ஒன்று செயல்பாடுகள் பட்டியல். 10 இடங்கள், ஒவ்வொன்றிலும் விவரத்துக்கு 150 எழுத்துகள். இன்னொன்று முதன்மைக் கட்டுரை. குறைந்தது 250 சொற்கள், அதிகபட்சம் 650.

முதலில் பட்டியல். செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் விளையாட்டு, இசை என்பவற்றோடு 'குடும்பப் பொறுப்பு', 'ஊதிய வேலை' என்ற வகைகளும் இருக்கின்றன. நம் பகுதிப் பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. வீட்டு வேலையைச் செயல்பாடு என்று நினைக்காமல் 10 இடத்தையும் காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது ஒரே ஒரு முறை போன மரம் நடும் விழாவை எழுதுகிறார்கள். விடியற்காலை அம்மாவோடு துறைமுகத்துக்குப் போய் வருவது 2 மணி நேரம், வாரத்தில் 5 நாள் என்றால் வாரத்துக்கு 10 மணி நேரம் என்று போடுங்கள். ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உண்டு. அந்த ஒன்பது வாரத்தையும், நீங்கள் தேர்வுக்காகப் போகாத வாரங்களையும் கழித்துவிட்டு எழுதுங்கள். 52 என்று போட்டால், கட்டுரையில் தடைக்காலத்தைப் பற்றி எழுதும்போது முரண் தெரிந்துவிடும்.

விவரத்தில் 'அம்மாவுக்கு உதவுகிறேன்' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லிலிருந்து படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஏலக் கணக்கு எழுதுவது, ஐஸ் வாங்குவது, கடன்காரர் நோட்டைச் சரிபார்ப்பது, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது என்று வினையாக எழுதுங்கள்.

இனி கட்டுரை. ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரத்துக்கு மூன்று தலைப்புகளில் மட்டும் எழுதுங்கள். நான் செய்யாமல் விட்டால் வீட்டில் யாருக்காவது சிக்கல் வரும் வேலைகள் எவை? முன்பு ஒரு விதமாக நினைத்து, பிறகு நானே மாற்றிக்கொண்ட கருத்துகள் எவை? யாரும் சொல்லாமலே நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற, கேட்கிற விஷயம் எது? வாரக் கடைசியில் 20 வரிகளாவது சேர்ந்திருக்கும். ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதில் நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், அதற்குப் பிறகு எதை வேறு விதமாகச் செய்கிறேன் என்று கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லாதது வெறும் சம்பவம். அதை விட்டுவிடலாம்.

உங்கள் நிலைமையிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு. தடைக்காலத்தில் பல வீடுகளில் தண்டல் வாங்குவார்கள். 10,000 ரூபாய் கடன் என்பார்கள். கையில் 9,000 வரும். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்த்தால் 11 சதவீத வட்டி போலத் தெரியும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் 4,500 ரூபாய் அளவுதான். அதுவும் 100 நாளைக்கு மட்டும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். ஒரு மாணவி அம்மாவின் நோட்டில் இதைக் கண்டுபிடித்து, கணக்கு ஆசிரியரிடம் போய் முறையைக் கேட்டு, மகளிர் குழுக் கடனோடு ஒப்பிட்டு அம்மாவிடம் காட்டியிருந்தால், அதற்கு அம்மா சம்மதிக்காமல் போயிருந்தாலும், அது முழுமையான கட்டுரை. அம்மா ஏன் சம்மதிக்கவில்லை என்பதை மகள் புரிந்துகொண்ட இடம்தான் அதன் உயிர். தண்டல்காரர் மறுநாளே பணம் தருவார், அடையாள அட்டை கேட்க மாட்டார், நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் வருவார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

650 சொல்லில் வீட்டு நிலைமையைச் சொல்ல 150 சொல் போதும். பெரும்பாலோர் 400 சொல்லை அதிலேயே செலவழித்துவிட்டு, கடைசி இரண்டு வரியில் 'இதனால் விடாமுயற்சியைக் கற்றேன்' என்று முடிக்கிறார்கள். படிப்பவர் தேடுவது உங்கள் தலைக்குள் நடந்ததை. அதற்குப் பாதிக்கு மேல் இடம் கொடுங்கள்.

கேள்வி: என் மகன் பொறியியலுக்கும் நீட்டுக்கும் தயாராகிறான். இந்த அனுபவக் கட்டுரையெல்லாம் அவனுக்குத் தேவையா?
(தந்தை, நெல்லிக்குப்பம்)

பதில்: தேவையில்லை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணில் நடக்கிறது. மருத்துவத்துக்கு நீட். புதுச்சேரியில் சென்டாக் நடத்தும் சேர்க்கையிலும், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் ஏற்கும் கியூட் தேர்விலும் கட்டுரைக்கு வேலை இல்லை. அங்கெல்லாம் வாழ்க்கைச் சூழல் சான்றிதழ் வழியாகத்தான் கணக்கில் வரும். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை என்பவை அப்படிப்பட்டவை. ஆகவே உங்கள் மகன் நேரத்தைக் கட்டுரையில் செலவிட வேண்டாம். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களில் அப்பா பெயரின் முதலெழுத்தும் பெயர் எழுத்துகளும் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். கலந்தாய்வு நேரத்தில் அலைய வைப்பது அதுதான்.

அசோகா, அசிம் பிரேம்ஜி, ஸ்ரீசிட்டியில் உள்ள க்ரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டுக் கல்லூரிகள், சில உதவித்தொகைகள் ஆகியவை கட்டுரையோ நேர்காணலோ இரண்டுமோ வைக்கின்றன. அந்தப் பக்கம் மனம் போனால் மட்டும் மேலே படியுங்கள்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அதற்கு முன் சுனாமியில் பெரியப்பாவை இழந்த குடும்பம் நாங்கள். இரண்டையும் எழுதினால் கட்டுரை வலுவாகும் என்று நண்பன் சொல்கிறான். இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் பொறியியலுக்கு விண்ணப்பிக்கிறேன்.
(மாணவர், ரெயின்போ நகர், புதுச்சேரி)

பதில்: உங்கள் குடும்பத்தின் இழப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. அப்போது நீங்கள் பிறக்கவில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறிய 2011 டிசம்பர் 30 அன்று உங்களுக்கு மூன்று நான்கு வயது இருக்கும். பெற்றோர் பட்ட துயரத்தைப் பிள்ளை தன் துயரமாக எழுதுவது இந்தக் கடற்கரையிலிருந்து போகும் கட்டுரைகளில் அடிக்கடி நிகழும் தவறு. ஆண்டைக் கூட்டிப் பார்த்தாலே படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்த இழப்பு இன்று உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் நீங்கள் நேரில் அறிந்தது. பாட்டி இன்றும் சான்றிதழ்களைப் பரணில் வைக்கிறாரா, கடற்கரைக்குப் போக உங்களை விடுவதில்லையா, அதை எழுதலாம்.

இங்கிலாந்துக்கு என்பதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே யூகாஸ் என்ற ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். ஐந்துக்கும் ஒரே சுயவிளக்கம்தான் போகும். 2026 சேர்க்கை முதல் அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படிப்பு ஏன்? உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார்படுத்தியது? படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும்? மூன்றும் சேர்த்து, இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அமெரிக்கக் கட்டுரை மனிதரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது. யூகாஸ் சுயவிளக்கம் அந்தப் பாடத்தைப் படிக்கும் தகுதியைத் தேடுகிறது. வெள்ளத்தில் பட்ட அச்சத்துக்கு அங்கே இடம் ஓரிரு வரிதான்.

ஆனால் அதே வெள்ளம் உங்கள் பாடத்துக்குப் பெரிய வாய்ப்பு. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே புயல் கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்கள் பகுதியில் தண்ணீர் வந்தது நகருக்குள் பெய்த மழையால். கடலூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரை கிராமங்களில் நடந்தது வேறு. மேலே பெய்த மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டு, கடலூரில் மழை ஓய்ந்த பிறகு ஆறு ஊருக்குள் வந்தது. ஒரே புயல், இரண்டு வகை வெள்ளம், இரண்டு வகைத் தீர்வு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவரைச் சுற்றுச்சூழல் பொறியியல் துறை கவனிக்கும். உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரம் சுவரில் கறையாக இருக்கும். பத்து வீட்டுச் சுவர்களில் நாடாவால் அளந்து, வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒரு கைவரைபடம் போட இன்னும் நேரம் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு மூன்றாவது கேள்விக்குப் பதிலாக எழுதுங்கள்.

வியப்பூட்டும் தொடக்கம் வேண்டும் என்று சம்பவத்தைக் கடன் வாங்குவதும் வேண்டாம். 2007-இல் யூகாஸ் சுமார் 50,000 சுயவிளக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டாவது பிறந்த நாளில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடி இரவு உடையில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். எல்லாரும் இணையத்தில் கிடைத்த ஒரே மாதிரியைப் பார்த்து எழுதியவர்கள். ஒப்புமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இன்றும் ஒவ்வொரு சுயவிளக்கத்தையும் பார்க்கிறது.

கேள்வி: பண்ருட்டி அருகே அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை நான். என் மாணவி ஒருத்தி வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறாள்; பரிந்துரைக் கடிதம் கேட்கிறாள். நன்னடத்தைச் சான்றிதழ் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. வழிகாட்டுங்கள்.

பதில்: உங்கள் கேள்வி எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மாணவி தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாததை ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

நன்னடத்தைச் சான்றிதழின் மொழியை முதலில் ஒதுக்கி வையுங்கள். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, பணிவானவர்' என்ற மூன்று சொல்லும் உலகில் எழுதப்படும் எல்லாப் பரிந்துரைகளிலும் இருக்கின்றன. ஒரு பக்கம், 400 முதல் 500 சொல் போதும். எந்த ஆண்டு முதல், எந்தப் பாடத்தில், எத்தனை பேர் வகுப்பில் இவரைத் தெரியும் என்பது முதல் பத்தி. அடுத்த இரண்டு பத்திகளில், வகுப்பில் நீங்கள் கண்ணால் பார்த்த இரண்டு நிகழ்வுகள்.

உங்கள் ஊர் என்பதால் ஒன்று சொல்கிறோம். முந்திரி உடைக்கும் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் பட்டுக் கை புண்ணாவதும் அதற்குச் சாம்பல் தடவிக்கொள்வதும் அவளுக்குத் தெரியும். அந்த எண்ணெயில் அமிலம் இருக்கிறது என்று நீங்கள் பாடத்தில் சொன்னபோது, சாம்பல் ஏன் வேலை செய்கிறது என்று அவள் கேட்டாளா? பாடத்தையும் வீட்டையும் அவளாகவே சேர்த்துப் பார்த்த அப்படியொரு கேள்வி நினைவிலிருந்தால், தேதி, பாடம், அவள் சொன்ன சொல் உட்பட எழுதுங்கள். நினைவில் இல்லையென்றால் மாணவியையே கேளுங்கள். தன் கேள்விகள், செய்த சோதனைகள், வீட்டுப் பொறுப்புகள் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொல்வது வழக்கமான நடைமுறைதான். ஆனால் கடிதத்தையே அவளை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் இரண்டுமே நம்பிக்கை இழக்கும்.

ஒப்பீடு ஒன்று கட்டாயம் வேண்டும். 'என் 15 ஆண்டுப் பணியில் கண்ட சிறந்த ஐந்து மாணவர்களில் ஒருவர்' என்பது போல, உண்மையாக இருந்தால் மட்டும். மதிப்பெண் ஒரு பருவத்தில் சரிந்திருந்தால் காரணத்தை நீங்கள் சொல்வது, அவள் சொல்வதைவிட எடை கூடியது. இங்கிலாந்து விண்ணப்பத்தின் ஆசிரியர் குறிப்பில் இத்தகைய சூழலுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

நடைமுறையில் தடுமாற வைப்பவை வேறு. காமன் ஆப்-இல் மாணவி உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தவுடன் உங்களுக்கு இணைப்பு வரும். அது குப்பை அஞ்சல் பெட்டியில் போய் விழும், அங்கேயும் பாருங்கள். கடிதம் பள்ளியின் பெயரிட்ட தாளில் இருக்கட்டும். பொதுவாகப் பாட ஆசிரியர் இருவர் கடிதமும், பள்ளி சார்பில் தலைமை ஆசிரியர் நிரப்பும் அறிக்கையும் கேட்பார்கள். தலைமை ஆசிரியரிடம் அக்டோபருக்கு முன்பே பேசிவிடுங்கள். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வரும். பள்ளியைப் பற்றிய அரைப் பக்கக் குறிப்பை இணைக்க மறக்க வேண்டாம்: எத்தனை மாணவர், எந்த வழிக் கல்வி, ஆய்வகம் எப்படி, பிளஸ் டூ பொதுத்தேர்வு எத்தனை மதிப்பெண்ணுக்கு. மாணவியின் 600-க்கு 560 என்ன மதிப்புடையது என்பதை அந்தக் குறிப்புதான் அவர்களுக்குப் புரியவைக்கும். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் தமிழில் எழுதி ஆங்கில ஆசிரியரிடம் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். எளிய ஆங்கிலம் குறையே இல்லை.

கேள்வி: அப்பாவின் குடியால் பிளஸ் ஒன் படிப்பில் என் மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. இதைக் கட்டுரையில் எழுதலாமா? எழுதினால் அப்பாவைக் காட்டிக் கொடுத்ததாகிவிடுமா?
(பெயர், ஊர் வெளியிட விரும்பாத மாணவர்)

பதில்: எழுத வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை, தம்பி. எழுதக் கூடாது என்ற தடையும் இல்லை.

மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதை விளக்கக் கட்டுரை தேவையில்லை. காமன் ஆப்-இல் சூழ்நிலைகளையும் கூடுதல் தகவலையும் சொல்லத் தனி இடம் உண்டு. அங்கே நான்கு வரி போதும்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, வீட்டில் உடல்நலம் சார்ந்த நெருக்கடி, எந்தப் பாடங்கள் பாதித்தன, இப்போது நிலைமை என்ன, அதன் பின் மதிப்பெண் எவ்வளவு. 'குடி' என்ற சொல் வர வேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் நம்பும் ஆசிரியர் ஒருவர் அதையே தம் கடிதத்தில் உறுதிப்படுத்தினால் போதும்.

முதன்மைக் கட்டுரையில் எழுதுவது வேறு முடிவு. அதற்கு எங்கள் சோதனை இரண்டு. முன்பின் தெரியாத ஒருவர் நேர்காணலில் இதைப் பற்றி மேலும் கேட்டால் நிதானமாகப் பேச முடியுமா? இதை அம்மாவோ தங்கையோ நாளை படித்தால் அவர்கள் மனம் தாங்குமா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் இப்போது வேண்டாம். ஆறாத புண்ணை எழுதினால் கட்டுரை நடுவில் கட்டுப்பாடு இழக்கும், எழுதியவருக்கும் வேதனை. எழுதுவதென்று முடிவு செய்தால், அப்பா பற்றிய விவரம் மூன்று வாக்கியத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் வீட்டு நேரத்தை எப்படி மாற்றி அமைத்தீர்கள், எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், யாரிடம் உதவி கேட்கக் கற்றீர்கள் என்பதே மீதி. அப்பாவைக் கெட்டவராகக் காட்டும் கட்டுரை எழுதியவரையும் சிறுமைப்படுத்தும்.

இந்தச் சுமையை விண்ணப்பத்துக்கு வெளியேயும் இறக்கி வைக்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கேள்வி: எங்களிடம் பண வசதி இல்லை. அதைக் கட்டுரையில் அழுத்தமாக எழுதினால் உதவித்தொகை கூடுமா? அல்லது சேர்க்கையே போய்விடுமா?
(தாய், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: இரண்டும் இல்லை. பண நிலைமையைக் கட்டுரையிலிருந்து கணக்கிட மாட்டார்கள். அதற்குத் தனிப் படிவம் உண்டு. பல கல்லூரிகள் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' கேட்கும். குடும்பத்தின் வருமானம், கடன், சொத்து விவரங்களை அதில் எழுத வேண்டும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடோயின் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரிடமும் பணத் தேவையைப் பார்க்காமல் முதலில் சேர்க்கையை முடிவு செய்கின்றன. பிறகு தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கும். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம். கட்டுரையில் வறுமையை வர்ணித்து நிரப்பினால், உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம்தான் வீணாகும்.

கேள்வி: லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். பிரான்ஸ் உயர்கல்விச் சேர்க்கைத் தளமான பார்கூர்சூப் வழியாக விண்ணப்பிக்கும்போது அனுபவம் எவ்வளவு எழுதலாம்?
(மாணவி, புதுச்சேரி)

பதில்: கொஞ்சம்தான். பார்கூர்சூப்பில் நோக்க விளக்கம் கேட்கும் படிப்பு ஒவ்வொன்றுக்கும் 1,500 எழுத்துக்குள் எழுத வேண்டும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை 10 விருப்பங்கள் வரை பதியலாம். ஒரே விளக்கத்தை எல்லா விருப்பத்துக்கும் ஒட்டுவதுதான் அங்கே பெரிய தவறு. படிப்பின் பக்கத்தில், மதிப்பெண்ணுக்கும் நோக்கத்துக்கும் எவ்வளவு எடை தருகிறார்கள் என்று அவர்களே குறிப்பிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். அந்தப் படிப்பின் எந்தப் பாடங்கள் உங்களை ஈர்க்கின்றன, அதற்கு நீங்கள் முன்பே செய்தது என்ன என்பதற்கே இடம் சரியாக இருக்கும். தமிழும் பிரெஞ்சும் புழங்கும் வீட்டில் வளர்ந்தது, தாத்தாவின் ஓய்வூதியக் கடிதங்களை மொழிபெயர்த்தது போன்றவை சட்டமோ மொழியோ படிக்கக் கேட்டால் விளக்கத்தில் வரலாம். மற்றபடி அவை ஆர்வங்களுக்கான விருப்பப் பகுதிக்கு உரியவை.

கேள்வி: ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் பள்ளிக் கட்டுரை போலவே வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதிக்கொள்ளலாமா? எங்கள் ஊரில் ஒரு ஆலோசனை நிலையம் 40,000 ரூபாய்க்கு எழுதித் தருவதாகச் சொல்கிறது.
(மாணவர், விருத்தாசலம்)

பதில்: இரண்டும் வேண்டாம். செயலி எழுதிய உள்ளடக்கத்தைத் தன்னுடையது என்று அனுப்புவதைக் காமன் ஆப் மோசடியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பணத்துக்கு எழுதித் தருபவர் உங்களுக்கு முன் பலருக்கு எழுதியவர். அவருடைய சொற்கள் எல்லாக் கட்டுரையிலும் இருக்கும்.

தமிழில் தொடங்குங்கள். முதலில் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். நண்பனிடம் சொல்வது போல ஐந்து நிமிடம். அதைக் கேட்டு அப்படியே தமிழில் எழுதுங்கள். நீங்கள் ஆர்வமாகப் பேசிய இடத்தில் குரல் வேகம் எடுத்திருக்கும். கட்டுரை அங்கே இருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் சிறு சிறு வாக்கியமாக மாற்றுங்கள். பழமொழி, மேற்கோள், அகராதியில் தேடிய பெரிய சொல் எதுவும் வேண்டாம். கோணங்கி, கருவாடு, ஏரி மதகு என்று ஊர்ச் சொல் வந்தால் அப்படியே வைத்து, அரை வரியில் விளக்குங்கள். இலக்கணப் பிழை திருத்த ஆசிரியரிடம் கொடுக்கலாம். ஆனால் அவர் வாக்கியத்தை மாற்றினால், நீங்கள் அப்படிப் பேசுவீர்களா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையே ஆறு வாரமாவது இருக்கட்டும். நவம்பர் 1 கடைசி நாள் என்றால் செப்டம்பர் நடுவில் முதல் வரைவு கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: கட்டுரை அனுப்பிவிட்டேன். இணையவழி நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன கேட்பார்கள்?
(மாணவி, அரியாங்குப்பம்)

பதில்: பெரும்பாலும் உங்கள் கட்டுரையிலிருந்தே தொடங்குவார்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும், இடத்துக்கும், ஆளுக்கும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தேன் என்று எழுதியிருந்தால், எத்தனை பேர், எந்தப் பாடம், யாருக்குப் புரியாமல் போனது, நீங்கள் அதற்கு என்ன மாற்றினீர்கள் என்று வரும். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே முறிந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று யோசித்துக் காட்டுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்பதில் தவறில்லை.

அனுப்பிய கட்டுரையின் பிரதி கையில் இல்லாமல் நேர்காணலுக்கு உட்காருபவர்கள் நிறையப் பேர். ஒன்றைக் கல்லூரிக்கு அனுப்பியிருப்பார்கள். வேறொரு வரைவைப் படித்துத் தயாராகியிருப்பார்கள். விண்ணப்பத்தின் பி.டி.எஃப். கோப்பை இப்போதே இறக்கி, அச்செடுத்து, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் இணையம் அறுந்துவிடாமல் இருக்க, இரண்டாவது கைப்பேசியில் முழு சார்ஜும் டேட்டாவும் இருக்கட்டும். அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் தொடர்பு எண் இருந்தால் அதையும் அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள்.